தெருவில் உதறிய பை

அன்பான அத்தைக்கு,

'அன்பான' என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும், இவளுக்கு என்ன வேண்டியிருக்கிறதோ என்று புருவத்தைத் தூக்குவீர்கள். ஒன்றும் வேண்டாம். நீங்கள் போய் நாற்பது நாளாகிறது. உங்கள் கட்டிலை இன்னும் எடுத்துப் போடவில்லை. பால்காரர் நேற்றும் தண்ணீர் கலந்துதான் ஊற்றினார். நீங்கள் இல்லாத தைரியம், வேறென்ன?

நம் இரண்டு பேருக்கும் ஒத்துப்போன ஒரே குணம் சந்தேகம்தான். மாமா காலமான பிறகு நீங்கள்தானே பருத்திக் கடையில் உட்கார்ந்தீர்கள்? தாட்டு மூட்டை வந்து இறங்கினால் மேலாக இருக்கும் பருத்தியைத் திரும்பியும் பார்க்க மாட்டீர்கள். முழங்கை வரை உள்ளே கையை விட்டு, அடியில் கிடப்பதை இழுத்து, முகர்ந்து பார்த்த பிறகுதான் விலையே பேசுவீர்கள். மருமகளாக வந்த என்னையும் அப்படித்தான் பார்த்தீர்கள். நானும் உங்களை அப்படித்தான் பார்த்தேன்.

பாண்டிச்செல்வியை வந்த அன்றே நான் நம்பாததற்கு வேறு காரணம் தேவையா? இடுப்பெலும்பு முறிந்து, நினைவும் தடுமாறி நீங்கள் படுக்கையில் விழுந்தபோது, பகலில் உங்களைப் பார்த்துக்கொள்ள பாலவனத்தத்திலிருந்து பஸ்ஸில் வந்த நர்ஸ் அவள். "வெசத்த வச்சிருக்கா" என்று என் கைச்சோற்றைத் தள்ளிவிட்ட நீங்கள், அவள் ஊட்டினால் வாயைத் திறந்தீர்கள். அது எப்படி? கதவோரம் நின்று பார்த்தேன். முதல் வாயை அவளே தின்றாள். ஓஹோ, நம் வீட்டுச் சோற்றுக்குத்தான் இத்தனை பரிவா என்று நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் மட்டும் அவளைச் சும்மா விட்டீர்களா? சாயங்காலம் அவள் கிளம்பும்போதெல்லாம், "ஏய், என்னத்தத் தூக்கிட்டுப் போற?" என்று அதட்டுவீர்கள். அவள் முகம் சுளித்ததே இல்லை. பையைத் திறந்து கட்டில்மேல் வைத்து, "நல்லா அடிவரைக்கும் கைய விட்டுப் பாருங்கம்மா" என்பாள். தாட்டுக்குள் விடுவதுபோலவே கையை விட்டுத் துழாவிவிட்டு, "சரி, போ" என்பீர்கள். அதன் பிறகுதான் உங்கள் முகம் தெளியும். இவ்வளவு தாராளமாகப் பையைக் காட்டுகிறவள் வேறெங்கோ எதையோ ஒளிக்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஒரு சாயங்காலம் உங்கள் தலையணைக்கடியில் பீரோச் சாவிக்கொத்தைக் காணோம். அவள் அப்போதுதான் படியிறங்கியிருந்தாள். ஓடிப்போய் மறித்து, பையைப் பிடுங்கித் தெருவிலேயே உதறினேன். சாவிக்கொத்து விழுந்தது. எதிர்வீட்டார், பால்காரர் எல்லாரும் பார்த்திருக்க, "திருடி" என்றேன். உண்மையைச் சொல்கிறேன் அத்தை, எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. நான் நினைத்தது சரியாகிவிட்டதல்லவா?

அவள் ஜன்னல் வழியாக உங்கள் கட்டிலை ஒருமுறை பார்த்தாள். "அம்மாவுக்கு எட்டு மணி மாத்திரய மறந்துராதீகக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் உங்கள் வாயில் பருக்கை இறங்கவில்லை. தண்ணீரைக்கூடத் துப்பினீர்கள். உதடு வெடித்துவிட்டது. இப்படியே போய்விடுவீர்களோ என்று பயந்துவிட்டேன். இரண்டாம் நாள் சாயங்காலம் சாவிக்கொத்தை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு கேட்டீர்கள்: "அந்தப் புள்ள பைய எங்க?"

"எதுக்கு அத்தை?"

"சாவிய அதுலதான் வைக்கணும். இந்த வீட்டுல ஒரு திருடி இருக்கா. அந்தப் புள்ள காலையில பத்திரமாக் கொண்டாந்து குடுத்துரும்."

என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னீர்கள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் பாலவனத்தம் போனேன். "அத்தைதான் சாவிய உன் பையில வச்சாங்கன்னு ஏன் அன்னைக்கே சொல்லல?" என்று கேட்டேன். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அவுக காதுல விழுந்துருக்கும்லக்கா. என்னைய நம்பித்தான வச்சாக? நான் வெளிய சொல்லிட்டா, அப்புறம் எதுக்குள்ளதான் வைப்பாக?"

அப்போதே கிளம்பி வந்தாள். கஞ்சியில் முதல் வாயைத் தானே குடித்துக் காட்டி, "பாத்தீகளா, எனக்கு ஒன்னும் ஆகல" என்றாள். நீங்கள் வாயைத் திறந்தீர்கள். கதவோரம் நின்ற எனக்கு அன்றுதான் விளங்கியது. அழுதேன்.

மன்னிப்பும் கேட்டேன். எங்கே தெரியுமா? அடுப்படியில், காப்பி ஆற்றுகிற சாக்கில், யார் காதிலும் விழாமல். "அத விடுங்கக்கா" என்றாள். இத்தனை சுலபமாக மன்னிக்கிறாளே, உள்ளே என்ன வைத்திருக்கிறாளோ என்று அப்போதும் ஒரு நிமிடம் யோசித்தேன். என்ன ஜென்மம் நான்?

அதன் பிறகு ஏழு மாதம், உங்கள் முதுகில் ஒரு புண் வராமல் திருப்பித் திருப்பிப் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டாள். உங்கள் கடைசி மூச்சும் அவள் மடியில்தான் போயிற்று.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருந்தாள். கிளம்பும்போது அவள் கை தன்போக்கில் பையைத் திறந்து உங்கள் வெறும் கட்டிலில் வைத்தது. குத்திக் காட்டுகிறாளோ என்று நிமிர்ந்து பார்த்தேன். அவள் கண்கள் நிறைந்திருந்தன. பையை மூடிக்கொண்டு, "வாரேங்க்கா" என்று போய்விட்டாள்.

அத்தை, திருடி என்றது தெருவே கேட்க. மன்னிப்பு மட்டும் அடுப்படியிலா? வருகிற வெள்ளிக்கிழமை அவளைக் கூப்பிட்டு, மறித்த அதே இடத்தில் நின்று, எதிர்வீட்டாரும் பால்காரரும் இருக்கும்போதே மன்னிப்புக் கேட்பேன். உங்கள் சாவிக்கொத்தின் மேல் சத்தியம்.

இவளாவது செய்வதாவது என்று உங்களுக்குச் சந்தேகம் இருக்கும். எனக்கும் என் மேல் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதத்தை ஊரே படிக்கும்படி வாசல் கதவில் ஒட்டப்போகிறேன்.

இப்படிக்கு,
நீங்கள் கடைசிவரை நம்பாத உங்கள் மருமகள்,
பரமேஸ்வரி