நான் நலம் என்ற வரி

வைத்திக்குப்பம்,
புதுச்சேரி.

அன்பு மகள் கார்குழலிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் நலம். மற்ற கடிதங்களில் இது வழக்கமாக வரும் வரி, இதில் அப்படி இல்லை, அதனால் இன்னொரு முறை சொல்கிறேன், எனக்கு ஒரு நோயும் இல்லை. நாளை காலை உன் தங்கை செல்வி பள்ளிக்கூடம் போகும் வழியில் உனக்கு இரண்டு கவர் போடுவாள். இரண்டிலும் அவள் கையெழுத்துதான் இருக்கும், குழம்பாதே. இன்று சாயங்காலம் அப்பா சொல்லி எழுதியதில் எனக்கு நெஞ்சுவலி, உடனே புறப்பட்டு வா என்று இருக்கும். கடிதமாக இருந்தால்தான் நீ ஆபீசில் காட்டி லீவு வாங்க முடியும் என்று யோசித்திருக்கிறார். வந்தால் குருசுக்குப்பத்தில் படகு வைத்திருக்கும் இராமதாசுக்கு உன்னைப் பேசி முடித்துவிடுவார், திரும்ப அனுப்ப மாட்டார். இதை அவர் தூங்கிய பிறகு சொல்கிறேன். அவர் புரண்டு படுக்கும்போதெல்லாம் செல்வியின் பேனா நின்றுவிடுகிறது, எழுத்து கோணலாக இருந்தால் அவளைக் கேலி செய்யாதே.

நீ சீனாவில் கல்லுக்குள் மீன் தேடுவதை அப்பா இன்னும் கிண்டல் செய்கிறார். மீன் முள்ளப் பாக்க சீனாவுக்குப் போவணுமா, நம்ம வூட்டுக் குப்பையில கெடக்குதே என்கிறார். நானும் சிரித்தவள்தான். எலும்பு மீன் என்று நீ சொன்னபோது, மீனுக்கு ஏதுடி எலும்பு, முள்ளுதானே என்று கேட்டேன். நாற்பத்திரண்டு கோடி வருடத்துக் கல்லிலேயே அந்த முள் இருக்கிறது என்றாய், கோடி என்றதும் நான் காது கொடுப்பதை விட்டுவிட்டேன். போன வாரம் மார்க்கெட்டில் ஒரு பால்சுறா நறுக்கினேன். வெள்ளரிக்காயில் இறங்குவதுபோல் கத்தி இறங்கியது, ஒரு முள் இல்லை. அப்போது நீ சொன்ன இன்னொன்று நினைவு வந்தது. சுறாவின் முன்னோர்களுக்கு எலும்பு இருந்ததாகக் கல்லில் தெரிகிறது, சுறா எலும்பு இல்லாமலே வந்ததல்ல, இருந்ததை இழந்தது என்றாய். எனக்கும் எழுத்து இருந்தது. ஐந்தாவது வரை நானே எழுதினேன், மீன் கூடை தூக்கிய பிறகு போய்விட்டது. உனக்கு அப்படிப் போக வேண்டாம், அதனால் வராதே.

போன் செய்யாதே, செய்தால் அப்பா பக்கத்தில் நின்று என்னை முனகச் சொல்வார், எனக்குச் சிரிப்பு வந்துவிடும். படித்ததும் கிழித்துப் போடு, தெரிந்தால் செல்விக்குத்தான் அடி விழும். குளிருக்குக் காதை மூடிக்கொள். அம்மன் உன் கூடவே இருப்பாள், நீ நன்றாக இரு.

இப்படிக்கு உன் அம்மா
அஞ்சலாசி

அக்கா, பேரை மட்டும் அம்மாவே எழுதுச்சு. நடுவுல ஒரு எழுத்து விட்டுப்போச்சுன்னு சொன்னேன். மத்ததெல்லாம் இருக்குதே, ஒட்டுடி கவரன்னு சொல்லுச்சு.