கபளீகரனின் பலவீனம்

மார்ச் 3

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே நான் நலம். நீங்களும், நீங்கள் பழுதுபார்க்கும் லிஃப்ட்டுகளும் நலமாக ஏறி இறங்கட்டும். போன் செய்தால், "லிஃப்ட் குழிக்குள்ள நிக்கிறேன், ஒண்ணும் கேக்கலை" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

இணையத்தில் ஓவியர்களுக்கு ஒரு போட்டி வைத்திருக்கிறார்கள். உலகத்தில் இல்லாத ஒரு புராண மிருகத்தை உருவாக்கி அனுப்ப வேண்டும். முதல் மூன்று பேரை ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு நிறுவனம் வேலைக்கு எடுத்துக்கொள்ளும். ஒன்பது வருடமாகச் சோப்புத்தூள் பெட்டிக்கு நுரை வரைந்துகொண்டிருக்கிறேன் மாமா. இனி ஒரு குமிழி வரைந்தாலும் நானே வெடித்துவிடுவேன்.

ஒரு வாரம் டிராகனும் குதிரையுமாக வரைந்து கிழித்தேன். அப்புறம் கபளீகரன் ஞாபகம் வந்தது. உங்களுக்கு நினைவிருக்கிறதா? எனக்கு ஏழு வயது. நம் நாய் மேனேஜர் காணாமல் போன அன்று, பின்கேட்டைத் திறந்து போட்டது நான்தான் என்று அம்மா முதுகில் இரண்டு வைத்தாள். அண்ணன் என்னோடு பேசவில்லை. நீங்கள் ஒருவர்தான் மாடிப்படியில் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ மூடினே. கபளீகரன்னு ஒண்ணு வந்து திறந்துச்சு. மேனேஜரை மந்திரியாக்கக் கூட்டிட்டுப் போயிடுச்சு" என்றீர்கள். அன்று நான் சாப்பிட்டதே அதனால்தான்.

படத்தோடு ஒரு படிவமும் உண்டு: உயரம், உணவு, வீட்டுக்குள் நுழையும் விதம், பலவீனம். மிருகம் எப்படி உருவானது என்பதற்கு இந்தக் கடிதங்களையும் சேர்த்து அனுப்பலாமாம். ஆகவே எழுத்தில் பதில் போடுங்கள். ஏப்ரல் 10 கடைசி நாள்.

அன்புடன்,
சுண்டெலி

*

மார்ச் 9

சோப்புநுரைச் சாம்ராஜ்யத்தின் சக்கரவர்த்தினி, அட்டைப்பெட்டியின் ஆறு பக்கத்தையும் ஒரு தூரிகையால் கட்டியாளும் என் அக்கா மகள் சுண்டெலிக்கு,

மேல்மாடி, கீழ்மாடி, இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மாடி என மூன்று உலகங்களையும் இணைக்கும் லிஃப்ட் மெக்கானிக்காகிய உன் மாமன், பரிசோதனைத் தாளின் பின்பக்கத்தில் கோடி ஆசிகளோடு எழுதுவது. முன்பக்கத்தில் எண்ணெய்க் கறை இருக்கும். போட்டிக்காரர்கள் கேட்டால் கபளீகரனின் வியர்வை என்று சொல்லிவிடு.

உயரம் கேட்டாய். உட்கார்ந்தால் மூன்று மாடி. நின்றால் தலையில் மேகம் ஒட்டிக்கொண்டு ஜலதோஷம் பிடிக்கும். போன மாதம் அது தும்மியதில், பேருந்து நிலையத்தில் நின்ற இரண்டு வண்டிகள் டிரைவர் இல்லாமலே ஊர் போய்ச் சேர்ந்தன. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது அன்று ஒருநாள்தான் என்று பயணிகள் சொன்னார்கள்.

உணவு: காலையில் ஒரு பாலம். மதியம் வெயிலுக்கு இதமாக ஒரு நீச்சல்குளம், தண்ணீரோடு. இடையில் கொறிக்க, ஜோடியில் ஒற்றைச் செருப்பு. இடதுகால் செருப்பு மட்டும் அதற்குச் செரிக்காது. உலகத்தில் எந்த வீட்டில் தேடினாலும் இடதுகால் செருப்பு மட்டும் கிடைப்பதன் இரகசியம் இதுவே.

நுழையும் விதம்: புகையாகச் சுவரில் புகுந்து வரும். கேட்டு, பூட்டு, தாழ்ப்பாள் எல்லாம் நம்மைப் போன்ற சாமானியருக்கு.

பலவீனம்: கபளீகரனுக்கா! அபசாரம்! அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடு. முடிந்தால் அழித்துவிடு.

மேனேஜரைப் பற்றி ஒரு சேதி. அவர் இப்போது முதன்மந்திரி. வேலை ஒன்றும் கிடையாது. அறை அறையாகப் போய் மோந்து பார்த்துவிட்டு வருவார். பழைய வேலைதான், பதவி மட்டும் உயர்ந்திருக்கிறது.

உன் அருமை மாமன்,
செங்குத்துப் போக்குவரத்து மாமன்னர்

*

மார்ச் 16

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீசில் படித்துச் சிரித்ததில் சூப்பர்வைசர் வந்து நின்றுவிட்டார். "நுரையில அப்படி என்னம்மா ஜோக்கு?" என்கிறார்.

ஆனால் மாமா, இது நடக்காது. மிருகம் கற்பனையாக இருக்கலாம், முன்னுக்குப் பின் முரணாக இருக்கக்கூடாது என்பது போட்டி விதி. மூன்று மாடி உயரமுள்ளது நம் பின்கேட் வழியாக எப்படி வந்தது? அன்று நீங்கள் சொன்ன கபளீகரன் அலமாரி உயரம்தான். சுவரில் புகுந்து வரும் என்கிறீர்கள். அப்படியென்றால் கேட் ஏன் திறந்து கிடந்தது? அன்று தாழ்ப்பாளைத் திறந்தது என்றுதான் சொன்னீர்கள். அதற்காகவே நீண்ட ஒற்றை விரல் வைத்து ஏழு படம் போட்டுவிட்டேன். ஆக, அலமாரி உயரம், தாழ்ப்பாள் திறக்கும் கை. இனி மாற்ற முடியாது.

இந்த வாரம் இரண்டு நாள் வேலைக்குத் தாமதம். பழைய வியாதிதான். கதவைப் பூட்டிவிட்டுப் பேருந்து நிறுத்தம் வரை வருவேன். பூட்டினேனா என்று சந்தேகம் வரும். திரும்பிப் போய்ப் பார்ப்பேன். இப்போதெல்லாம் பூட்டின கதவைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன். ஒரு நாளைக்கு மூன்று படம். என் போனில் முகங்களைவிடப் பூட்டுகள்தான் அதிகம். அண்ணன் குடும்பத்தோடு ஊருக்குப் போனபோது, இரண்டு தெரு தள்ளி இருக்கிற என்னிடம் வீட்டுச் சாவியைத் தரவில்லை. பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, "மேனேஜரைத் தொலைச்சவகிட்ட சாவியா?" என்று சிரிக்கிறான். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது.

பலவீனக் கட்டத்தைக் காலியாக விட்டால் படிவம் சிவப்பாகிவிடுகிறது. யோசித்து எழுதுங்கள்.

அன்புடன்,
சுண்டெலி

*

மார்ச் 22

சக்கரவர்த்தினிக்கு,

இங்கே ஒரு லிஃப்ட் ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவே தவம் செய்கிறது. உள்ளே ஒரு பல் டாக்டர். வெளியே அவருடைய நோயாளி, "இன்னைக்கு என் பல்லு தப்பிச்சுது" என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விட்டார். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

அலமாரி உயரம் சரி. கையும் சரி. பலவீனம் யோசிக்கிறேன்.

இந்தப் பூட்டைப் படம் எடுப்பது எப்போதிலிருந்து? சும்மா கேட்கிறேன்.

மாமா

*

மார்ச் 27

அன்புள்ள மாமாவுக்கு,

போன் வாங்கின நாளிலிருந்து படம். அதற்கு முன்னால், பூட்டினதும் உள்ளங்கையில் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்வேன். பள்ளிக்கூடத்திலேயே அப்படித்தான். கேட்டை மூடினேன் என்று அன்றைக்கு நான் சத்தியமே செய்திருப்பேன். மூடவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அதற்கப்புறம் என் ஞாபகத்தை நான் நம்புவதில்லை, அவ்வளவுதான். இதைப் போய் ஏன் கேட்கிறீர்கள்? எனக்கு வேண்டியது பலவீனம். இன்னும் இரண்டே வாரம்தான் இருக்கிறது.

பல் டாக்டர் வெளியே வந்துவிட்டாரா?

சுண்டெலி

*

ஏப்ரல் 2

சுண்டெலிக்கு,

நேற்றே எழுதி முடித்துவிட்டேன். தேதியைப் பார்த்து, இதையும் விளையாட்டு என்று நினைத்துவிடுவாயோ என்று கிழித்துவிட்டு இன்று மறுபடி எழுதுகிறேன்.

பின்கேட்டைத் திறந்து போட்டது நான்.

அப்போது நான் அக்கா வீட்டில் தங்கி லிஃப்ட் கம்பெனியில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். அடுத்த தெருவில் ஒருவர் வீட்டு மாடி விளக்கை மாட்டித் தருகிறேன் என்று வாய்ச்சவடால் விட்டிருந்தேன். கொல்லையில் இருந்த நீள ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். தாழ்ப்பாள் போட்டிருந்தது. நீ போட்டது. செங்கல் மேல் ஏறி நின்று நீ போட்டதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முழங்கையால் தள்ளித் திறந்து வெளியே போனேன். இரண்டு கையும் ஏணியில். இறக்கி வைத்துவிட்டு வந்து மூடலாம் என்று நினைத்தேன். அங்கே டீ கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தேன்.

வந்தபோது அக்கா உன்னை அடித்துக்கொண்டிருந்தாள். "நான் மூடினேம்மா" என்று நீ இரண்டு தடவை சொன்னாய். மூன்றாவது தடவை சொல்லவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் இஸ்திரிப் பெட்டியை அணைக்க மறந்து மெத்தையைப் பொசுக்கியிருந்தேன். இன்னொரு தடவை இப்படி நடந்தால் பெட்டி படுக்கையைக் கட்டு என்று அக்கா சொல்லியிருந்தாள். அந்தப் பயத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் மாடிப்படிக்கு வந்து உனக்குக் கதை சொன்னேன். "நீ மூடினே" என்ற அந்த ஒன்று மட்டும் நிஜம். மீதிக்குக் கொம்பும் வாலும் வைத்துவிட்டேன். நீ உடனே சிரித்தாய். விஷயம் தீர்ந்தது என்று நினைத்தேன். இருபத்து நாலு வருடமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

லிஃப்ட்டில் கதவு முழுசாக மூடாவிட்டால் வண்டி நகராது. அதற்கென்று ஒரு சின்னக் கருவி வைத்திருக்கிறோம். தினமும் அதைத் தொட்டுப் பார்க்கிறவன் நான்.

பலவீனம் என்ற இடத்தில் எழுதிக்கொள்: திறந்ததை மூடாது. மூடாததை ஒப்புக்கொள்ளாது. பழி விழுந்த குழந்தைக்கே கதை சொல்லிச் சமாளிக்கும்.

மாமா

*

ஏப்ரல் 8

மாமா,

கடிதம் வந்தது. மூன்று நாள் பையிலேயே வைத்திருந்தேன்.

செங்கல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆடிக்கொண்டிருந்த செங்கல். அது நானாகக் கற்பனை செய்துகொண்டது என்று நினைத்திருந்தேன்.

நீங்கள் சொன்னதை அப்படியே படிவத்தில் எழுதிவிட்டேன். சிவப்பு போய்விட்டது. படத்தையும் மாற்றி வரைந்து, மற்றக் கடிதங்களைச் சேர்த்து அனுப்பிவிட்டேன். ஏப்ரல் 2 கடிதத்தை அனுப்பவில்லை. அது எனக்கு வந்த கடிதம்.

என்னிடம் சொன்னது போதாது. என்னை அடித்தது அம்மா. இன்றைக்கும் கேலி செய்வது அண்ணன். அவர்களிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். கபளீகரன் வேண்டாம், மந்திரி வேண்டாம். சொன்ன பிறகு எழுதுங்கள். அதுவரை எழுத வேண்டாம்.

*

ஏப்ரல் 21

சுண்டெலிக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனேன். உன் அண்ணனையும் வரச் சொல்லியிருந்தேன். வழியெல்லாம் எழுபத்திரண்டு சாக்குகள் தயார் செய்தேன். மன்னித்துக்கொள், ஏழோ எட்டோதான் இருக்கும். ஒன்றைக்கூட யாரும் கேட்கவில்லை.

அக்கா படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கத்து முனைகளை என் கையில் கொடுத்தாள்.

"அக்கா, மேனேஜர் போன அன்னைக்கு பின்கேட்டைத் திறந்து போட்டது நான்தான்."

"எந்த மேனேஜரு? பேங்க் மேனேஜரா?"

"நம்ம நாய்க்கா."

மடித்தபடியே என்னை நோக்கி வந்தவள் பாதியில் நின்றாள்.

"அவ ரெண்டு தடவை சொன்னாடா, மூடினேம்மான்னு."

"ஆமா."

"நீ அங்கேதான் நின்னே."

"ஆமாக்கா."

என் கையிலிருந்த முனைகளை வாங்கிக்கொண்டு தானே மடித்து முடித்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உன் அண்ணன், "இத்தனை வருஷமா அதைச் சொல்லித்தானே மாமா அவளை ஓட்டிக்கிட்டிருந்தேன், நீங்களும் கூடவே சிரிச்சீங்களே" என்றான். அது உண்மை. சிரித்திருக்கிறேன்.

டீ வந்தது. மூன்று பேர் இருந்தோம், இரண்டு டம்ளர் வந்தது. நியாயம்தான் என்று எழுந்து வந்துவிட்டேன்.

இந்தக் கடிதத்துக்கு நீ பதில் போட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

மாமா

*

மே 19

பாலம் தின்னி, ஒற்றைச் செருப்பு விழுங்கி, அலமாரி உயர மகாகபளீகரன் அவர்களின் சமூகத்துக்கு,

போட்டி முடிவு வந்துவிட்டது. நானூற்றுப் பன்னிரண்டு மிருகங்களில் உங்களுக்குப் பதினேழாவது இடம். வேலை இல்லை. நாளைக் காலை மறுபடி நுரைதான்.

படத்தின் பிரதி ஒன்று இதோடு அனுப்பியிருக்கிறேன். தோளில் நீள ஏணி, இரண்டு கையும் அதில். தாழ்ப்பாள் திறக்க முழங்கையில் ஒரு விரல் வைத்துவிட்டேன். பின்னால் திறந்த கேட். வால் நுனியில் மேனேஜர் உட்கார்ந்திருக்கிறார். நடுவர் ஒருவர் எழுதியிருந்தார்: "மூன்று தலை மிருகங்களுக்கு நடுவில் இந்த மிருகத்துக்குத்தான் பயந்தேன். இது எங்கள் வீட்டிலும் இருக்கிறது."

அம்மா போன் செய்தாள். என்ன சாப்பிட்டாய், தண்ணீர் வருகிறதா என்று கால் மணி நேரம் பேசிவிட்டு, வைக்கும்போது, "நீ மூடினேடி" என்று மட்டும் சொன்னாள். அண்ணன் அவன் வீட்டுச் சாவி ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனான். ஊருக்கெல்லாம் போகவில்லையாம், சும்மாதானாம்.

இன்று காலை பூட்டினேன். படம் எடுக்கவில்லை. பேருந்து நிறுத்தம் வரை போய்விட்டேன். அப்புறம் திரும்பி வந்து பார்த்தேன். பூட்டித்தான் இருந்தது. ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டேன். முன்பு மூன்று எடுப்பேன்.

உங்கள் மேல் கோபம் போகவில்லை. எப்போது போகும் என்றும் தெரியவில்லை. ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், டீ தருகிறேன். வரும்போது கேட்டை மூடிவிட்டு வர வேண்டும். மூடினீர்களா என்று நான் எழுந்து போய்ப் பார்ப்பேன். கோபித்துக்கொள்ளக் கூடாது.

சுண்டெலி