கைக்கூலி

ஏப்ரல் 4, திங்கள்

காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. கார் துடைப்பு, ரேடியேட்டருக்குத் தண்ணீர். அதற்கு முன் பாக்கியத்துக்குத் தலை சீவிப் பின்னல் போட்டேன். கல்யாணம் கட்டிப் பதினான்கு வருடம். இந்த வேலை இப்போதுதான் பழகுகிறேன். பின்னல் கோணல்.

"மாட்டுக் கயிறு மாதிரி இழுக்காதீங்க" என்றாள்.

சனிக்கிழமை கிளிநொச்சி ஆசுபத்திரியில் கட்டு மாற்றினார்கள். வலது கை. சுண்டுவிரல், மோதிரவிரல் இல்லை. நடுவிரல் இருக்கிறது, மடங்காது.

நடந்ததை இன்னும் எழுதவில்லை. எழுதிவிட வேண்டும். மார்ச் 9, புதன், பின்னேரம் மூன்று மணி. மில் முற்றம். முதலாளியின் காரை ரிவேஸில் எடுத்தேன். பிரேக் மிதித்தேன். பிடிக்கவில்லை. பாக்கியம் நெல் காயப்போடும் களத்தின் ஓரம், சுவரோடு குந்தியிருந்து சாக்குத் தைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு எழும்ப, சுவரில் கை ஊன்றினாள். பம்பர், சுவர், நடுவில் கை.

வன்னிக்குப் பொருளாதாரத் தடை, பிரேக் ஒயிலை ஆமி உள்ளே விடாது. ஆமணக்கெண்ணெய் ஊற்றித்தான் ஓட்டம். பிடிக்குதில்லை என்று முதலாளியிடம் மூன்று தரம் சொன்னேன். "ஹாண்ட் பிரேக் என்னத்துக்கு இருக்கு?" என்றார்.

எழுதியாயிற்று. இவ்வளவுதான் வந்தது.

ஏப்ரல் 6, புதன்

பெற்றோல் இல்லாததால் காருக்கு மண்ணெண்ணெய் 4 போத்தல். பின் டயருக்கு ஒட்டு. முதலாளியை உருத்திரபுரத்திலிருந்து கிளிநொச்சிச் சந்தைக்குக் கொண்டுபோனேன். பாக்கியம் கேட்கச் சொன்னதை வழியில் கேட்டேன்.

"முதலாளி, பாக்கியத்தின்ர கூலி..."

"வேலைக்கு வராத ஆளுக்கு என்ன கூலி?"

"கை அடிபட்டது மில்லுக்குள்ள."

"அடிச்சது ஆர்?"

கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். சந்தையில் பலாப்பழம் வாங்கினார். கார் முழுக்க அந்த வாசனை.

அடிபட்ட அன்றைக்கும் முழுக் கூலி போடவில்லையாம். மூன்று மணியோடு அவள் வேலை நிறுத்திவிட்டாள் என்று கணக்கில் எழுதியிருக்கிறார்கள்.

ஏப்ரல் 9, சனி

பாக்கியம் இணக்கசபைக்கு மனுக் கொடுக்கப் போகிறாள். மாரியக்கா சொல்லிக் கொடுத்தது. பக்கத்துக் கொட்டில், அவவும் மில்லில்தான் நெல் புடைக்கிறா. "மூணு பேரு ஒக்காந்து கேப்பாங்க. வக்கீலு வேணாம். வாயி இருந்தா போதும்" என்றா.

பாக்கியம் மலையகத்தில் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் எட்டு வரை படித்தவள். எழுத்து என்னுடையதைவிட அழகு. இப்போது பேனை பிடிக்க முடியாது. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒன்பது வருடமாக மேற்படி மில்லில் கூலி வேலை. வேலை நேரத்தில் முதலாளியின் காரால் கை நசிந்தது. பிரேக் பழுது என்று சாரதி முன்பே அறிவித்தும் திருத்தவில்லை. கை ஆறும்வரை இழந்த கூலியைப் பெற்றுத் தரவும்.

"சாரதி பேரு போடணுமா?" என்று கேட்டேன்.

"உங்க பேரு உங்களுக்கே மறந்திருச்சா? போடுங்க."

செல்லையா என்று எழுதினேன். கீழே அவளுடைய இடது பெருவிரல் அடையாளம்.

"எட்டாம் வகுப்பு. கைநாட்டு" என்றாள். பகிடிக்குச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். பகிடி இல்லை.

ஏப்ரல் 14, வியாழன்

வருடப்பிறப்பு. முதலாளி வீட்டில் கைவிசேடம். வெற்றிலையில் வைத்து எனக்குப் பத்து ரூபா. பிறகு என்னை மட்டும் விறாந்தையில் நிற்கச் சொன்னார்.

"உன்ர பெஞ்சாதி என்னில கேஸ் குடுத்திருக்கிறாளாம்."

நான் கீழே பார்த்தேன்.

"நீங்கள் இருக்கிற கொட்டில் ஆற்ற காணியில நிக்குது?"

"உங்கட காணி முதலாளி."

"எழுபத்தேழுக் கலவரத்தில மலையில இருந்து மாத்துத் துணி இல்லாமல் ஓடி வந்தனியள். தோட்டக்காட்டுச் சனத்துக்கு இடம் குடாதேங்கோ எண்டு அப்பவே எல்லாரும் சொன்னவை. நான் கேக்கேல்லை."

வெற்றிலை போட்டார். ஆறுதலாக மென்றார்.

"இருபதாம் திகதி விசாரணைக்கு நீயும் வா. அடிபட்ட அண்டைக்கு அவள் வேலையில இல்லை. உனக்குச் சோறு கொண்டு வந்தவள். பிரேக் நல்ல பிரேக். விளங்குதோ?"

"ஓம் முதலாளி."

பாக்கியம் ஒரு கையால் பாயாசம் வைத்திருந்தாள். கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது. பத்து ரூபாவைக் கொடுத்தேன். வேறொன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 19, செவ்வாய்

மழைக் குணம். பெய்யவில்லை. பிளக் கழற்றிக் கரி சுரண்டினேன். நாளைக்கு விசாரணை. பா. நல்ல சேலையை எடுத்து மடிப்புப் பிடித்துத் தரச் சொன்னாள். என்னென்ன கேட்பார்கள் என்று தானே கேட்டுத் தானே பதில் சொல்லிப் பார்த்தாள்.

"நீங்க பயப்படாதீங்க. பிரேக்கு சரியில்லன்னு மட்டும் சொன்னா போதும். உங்க மேல குத்தம் இல்லன்னு நான் சொல்லிடுறேன்."

அப்போது சொல்லியிருக்கலாம். சேலையின் மறு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மடிப்பு நன்றாக வந்தது.

ஏப்ரல் 20, புதன்

முதலாளியைக் காரில் கொண்டுபோனேன். பா.வும் மாரியக்காவும் நடந்து வந்தார்கள். வழியில் அவர்களைத் தாண்டிப் போனோம். புழுதி.

பள்ளிக்கூட மண்டபம். சபையில் மூன்று பேர், தலைவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். முதலாளிக்குக் கதிரை போட்டார்கள். பா. நின்றாள்.

நன்றாகச் சொன்னாள். திக்கவில்லை. கட்டை அவிழ்த்துக் காட்டினாள். ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எத்தினை நாளாப் பிள்ளை வேலை இல்லை?" தலைவரின் குரலில் இரக்கம்.

"ஆறு வாரமுங்க ஐயா."

பிறகு என்னைக் கூப்பிட்டார். அன்று அவள் வேலையில் இல்லை என்றேன். சோறு கொண்டு வந்தாள் என்றேன். மூன்று மணிக்கோ என்று கேட்டார். நான் பிந்திச் சாப்பிடுகிறவன் என்றேன். பிரேக் நல்ல பிரேக் என்றேன். பா. பக்கம் பார்க்கவில்லை. மாரியக்கா "அடப் பாவி" என்றது கேட்டது.

தலைவர் மனுவைத் தூக்கினார். "பிரேக் பழுதெண்டு சாரதி முதலே சொன்னவர் எண்டெல்லோ இதில கிடக்கு?"

முதலாளி எழும்பினார். "அந்த எழுத்தை வடிவாப் பாருங்கோ ஐயா. அது இவன்ர எழுத்து."

சட்டைப் பையிலிருந்து ஒரு கடதாசித் துண்டை எடுத்து நீட்டினார். மண்ணெண்ணெய்க்கு நான் எழுதிக் கொடுத்த துண்டு. மனுவின் பிரதி அவருக்கும் போயிருக்கிறது. எல்லாம் தெரிந்துதான் என்னைப் பேசவிட்டிருக்கிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 'ழ'வுக்கு ஒரே வால்.

"புருசனும் பெஞ்சாதியும் சேர்ந்து செய்த வேலை ஐயா. ஆருக்குத் தெரியும், பேசி வைச்சுத்தான் அடிச்சானோ!"

பின்னால் சிரித்தார்கள்.

"நீரோ எழுதினது?" என்றார் தலைவர்.

"ஓம் ஐயா."

"அப்ப எது உண்மை?"

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவள்தான் எழுதச் சொன்னவள். எழுதாட்டிச் சோறு தரமாட்டன் எண்டவள்."

ஆறு வாரம் ஒரு கையால் எனக்கு ஆக்கிப் போட்டவள்.

மனு தள்ளுபடி. "உங்கட குடும்பக் கதையை வீட்டோட வைச்சிருங்கோ" என்று பா.வுக்குச் சொன்னார் தலைவர். இரக்கம் போய்விட்டது. அவள் துணியின் நுனியைப் பல்லால் கடித்துப் பிடித்துக் கட்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள். உதவப் போனேன். "காரை எடு" என்றார் முதலாளி. எடுத்தேன்.

ஏப்ரல் 21, வியாழன்

பா. மாரியக்காவிடம் போய்த் தலை பின்னிக்கொண்டு வந்தாள். எனக்குச் சோறு இருந்தது. மூடி வைத்திருந்தாள். பேச்சு இல்லை.

மில்லில் முதலாளி "பரவாயில்லை, சொன்னபடி சொன்னனி" என்றார். களத்தில் பா.வின் இடத்தில் ஜெயபுரத்து ஆள் ஒருத்தி. சின்னப் பெண். கெட்டிக்காரி. சாக்குத் தைப்பதில் நல்ல வேகம்.

ஏப்ரல் 23, சனி

வெயில். காற்று இல்லை. முதலாளி கூப்பிட்டுக் கார்த் திறப்பைக் கேட்டார். திங்கள் முதல் வேறு சாரதி.

"ஏன் முதலாளி?"

"பெஞ்சாதிக்காக எழுதினாய். எனக்காகப் பொய் சொன்னாய். உன்னை எப்பிடியடாப்பா நம்பிக் கார் தாறது?"

கொட்டிலை மாத முடிவுக்குள் விட வேண்டும். கூரைக் கிடுகைப் பிடுங்கக் கூடாதாம், அது அவருடையது.

நடந்து வந்தேன். பா. கனகராயன்குளத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகத் துணி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். வேலை போனதைச் சொன்னேன். முடிச்சை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். மூன்று நாளில் முதல் பேச்சு.

"எவ்வளவு குடுத்தாரு?"

"யாரு?"

"மொதலாளி. அங்க அப்படிச் சொல்றதுக்கு."

"ஒண்ணும் குடுக்கல."

"மறைக்காதீங்க. நான் ஏச மாட்டேன். இருந்தா அரிசி வாங்கிப் போட்டுட்டுப் போவேன்."

"சத்தியமா ஒண்ணும் குடுக்கல பாக்கியம்."

என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் என்று சொல்ல முடியாது. புதிதாக வந்த ஆளைப் பார்ப்பதுபோல.

"சும்மாவா சொன்னீங்க?"

"சும்மாதான்" என்றேன்.