மூச்சு வாங்காமல் ஏறி வந்தேன்

என்னங்க,

உங்களைக் கூப்பிட எனக்கு எப்போதும் இந்த ஒரு சொல்தான் இருந்தது. இப்போதும் காலையில் வாசலில் நின்று மெல்லக் கூப்பிட்டுப் பார்க்கிறேன். பனி அசையாமல் நிற்கிறது. அதற்குள்ளிருந்து நீங்கள் "ம்" என்று சொன்ன மாதிரியும் இருக்கிறது, சொல்லாத மாதிரியும் இருக்கிறது.

இன்றைக்குத் தோட்டத்தின் மேல் பிரிவான மேக்கணக்கில், வரிசை வீட்டு லயத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. தாயும் சுகம், பிள்ளையும் சுகம். நான் இறங்கி வந்தபோது மலையும் தெரியவில்லை, கீழே தேயிலை பெக்டரியும் தெரியவில்லை. கொழுந்து பறிக்கிறவர்களின் பேச்சு மட்டும் எங்கிருந்தோ மிதந்து வந்தது. தேயிலைக்கு நடுவே ஒற்றையாக நடக்கும்போது உங்களிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும் போலிருந்தது. உங்களுக்குத் தெரிந்த கதைதான். தெரிந்தால் என்ன? நீங்கள் கேட்க மாட்டீர்களா?

நீங்கள் தோட்டத்து லொறி ஓட்டினீர்கள். நான் தோட்டத்து மருத்துவச்சி. டிஸ்பென்சரிக்குப் பக்கத்து வீட்டில் நீங்கள், நான், உங்கள் அக்கா என்று மூன்றே பேர். கொட்டகலைக்கோ ஹட்டனுக்கோ லொறி போய்வந்தால் உங்கள் சட்டைக்குள் சூடு ஆறாத ஒரு பொட்டலம் இருக்கும். முதலை மாதிரி நீட்டிச் செய்து, மேலே சீனி தூவிய கிம்புலா பனிஸ். முஸ்லிம் நானா கடையில் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த வட்டிலப்பம். "பாக்கியம், சூடா இருக்கு, இப்பவே தின்னு" என்று கையில் வைத்து அமுக்குவீர்கள். பிள்ளை பிறந்த வீடுகளிலோ சாப்பிடாமல் விட மாட்டார்கள். இப்படித்தான் நான் பெருத்தேன். வாசலில் ஒருக்களித்து நுழைகிற அளவுக்குப் பெருத்தேன். "என் பொண்டாட்டி வந்து நின்னா லயமே நெறையும்" என்று நீங்கள் ஊருக்கெல்லாம் சொன்னீர்கள். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

அந்த மழைக்காலத்துப் பகலில்தான் எல்லாம் மாறியது. மேக்கணக்கில் வேலம்மாவுக்கு வலி என்று ஆள் வந்து சொன்னதும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். பாதி ஏற்றத்தில் முழங்கால் பிடித்துக்கொண்டது. நின்றேன், நடந்தேன், மறுபடி ஒரு கல்லில் உட்கார்ந்தேன். மேலே லயத்துக்குள் நான் நுழையும்போது பிள்ளை பிறந்து அழுதுகொண்டிருந்தது. கொடியை அறுக்கத் தெரியாமல் பெண்கள் சுற்றிலும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். நல்லவேளை, ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

கை கழுவிக்கொண்டு குனிந்தேன். என் மூச்சுச் சத்தம் எனக்கே பயமாக இருந்தது. அப்போது பாயில் கிடந்த வேலம்மா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"அம்மாவுக்கு மொதல்ல ஒரு வாய் தண்ணி குடுங்க. பாவம், ரொம்ப மூச்சு வாங்குது" என்றாள்.

பிள்ளை பெற்றவள் சொல்கிறாள், மருத்துவச்சிக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லி. அந்தத் தண்ணீரைக் குடித்தேன். அது தொண்டையில் இறங்கியது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

மறுநாள் டிஸ்பென்சரி டாக்டரய்யா என் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தார். "ஒடம்பக் கொறைக்கணும் பாக்கியம். இல்லாட்டி முட்டி போயிரும், நெஞ்சும் தாங்காது. மேக்கணக்குக்கு வேற ஆளத்தான் போடணும்" என்றார். வேறு ஆள் என்ற சொல்தான் என்னைச் சுட்டது. மேலேயிருக்கும் பெண்கள் எல்லாரும் எனக்கு வேண்டியவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் முதலில் பார்த்த முகம் என் முகம்.

சோற்றைப் பாதியாக்கினேன். தேத்தண்ணிக்குச் சீனி போடுவதை நிறுத்தினேன். ராத்திரிக்குக் கேழ்வரகு மாவில் சுட்ட குரக்கன் ரொட்டி. விடியும்போது மேக்கணக்குப் பாதையில் முதல் வளைவு வரைக்கும் நடை. வேறொன்றும் கேட்கவில்லை நான். உங்கள் இரண்டு பேரிடமும் கேட்டது, என் தட்டில் எவ்வளவு போடுவது என்பதை என்னிடமே விட்டுவிடுங்கள் என்பதுதான்.

உங்கள் அக்காவுக்கு, என் மதினிக்கு, சிரிப்புத் தாங்கவில்லை. "இந்த வயசுல ஒன்னய பொண்ணு பாக்க வர்றாங்களாடி?" என்றார்கள். சிரிப்பு அடங்கியதும் கோபம் வந்தது. "வர்றவன் போறவன் என்ன சொல்லுவான்? தம்பி வீட்டுல சோறு போடாமக் காயப் போட்டுருக்காங்கன்னுல்ல சொல்லுவான்?" நான் தண்ணீர் எடுக்கத் திரும்பினால் தட்டில் இன்னொரு அகப்பை சோறு விழுந்திருக்கும். கொட்டவும் மனசு வராது, தின்னவும் முடியாது. பல நாள் அழுதுகொண்டே தின்றிருக்கிறேன்.

நீங்கள் கத்தவில்லை. அதைவிட மோசமாக ஒன்று செய்தீர்கள். நான் தின்னாவிட்டால் நீங்களும் தட்டைத் தள்ளிவைத்தீர்கள். நாளெல்லாம் லொறி ஓட்டிவிட்டு வந்த மனுசன் பசியோடு உட்கார்ந்திருந்தால் நான் என்ன செய்வேன்? பொட்டலங்களும் நிற்கவில்லை. தலையணைக்கு அடியில் ஒரு பனிஸ், என் மருந்துப் பையில் ஒரு பனிஸ். ஒருநாள் குரக்கன் ரொட்டி வாயில் வழுக்கியது. மாவில் நெய் ஊற்றிப் பிசையச் சொல்லியிருந்தீர்கள் உங்கள் அக்காவிடம்.

அப்புறம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. விரதம் என்றேன். திங்கள் சிவனுக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு. மதினி வாயே திறக்கவில்லை. விளக்கைத் துடைத்து வைத்தார்கள், எனக்கு வேறு யாரும் தொந்தரவு கொடுக்காமல் பார்த்துக்கொண்டார்கள். சாமிக்கென்றால் பட்டினி கிடக்கலாம், என் முழங்காலுக்கென்றால் கூடாது. அடுப்படியில் தனியாக நின்று சிரித்தேன். செவ்வாயில் முருகனையும் சேர்த்துக்கொண்ட பிறகு நீங்கள்தான் கேட்டீர்கள்.

"இது என்னா சாமி பாக்கியம், முடிவே இல்லாத வெரதமா இருக்கு?"

நான் அடுப்படிக்குத் திரும்பிக்கொண்டேன். அன்றோடு நீங்கள் என்னோடு பேசுவதை விட்டீர்கள். ஒரே வீட்டில் இரண்டு பேர் பேசாமல் இருந்தால் மழை எவ்வளவு சத்தமாகக் கேட்கும், தெரியுமா உங்களுக்கு?

அந்தப் பயணம் ஞாபகம் இருக்கிறதா? டிக்கோயா ஆஸ்பத்திரியில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியை விட்டுவிட்டு, லொறியில் நீங்களும் நானும் மட்டும் திரும்பினோம். வழியெல்லாம் பனி. விளக்கு போட்டும் இரண்டு முழத்துக்கு அப்பால் ஒன்றும் இல்லை. உலகத்தில் அந்த லொறியின் முன்பக்கம் மட்டும் மிச்சமிருந்த மாதிரி இருந்தது. கொட்டகலை வளைவில் ஓரமாக நிறுத்தினீர்கள். பனி விலகட்டும் என்று நிறுத்தியதாக நான் நினைத்தேன்.

"நேத்து நீ சட்டி கழுவும்போது ஒன் வளையல் கழண்டு விழுந்துச்சு" என்றீர்கள் கண்ணாடியைப் பார்த்தபடி. "சத்தம் கேட்டுச்சு."

"விழுந்தா என்ன? ஒடையலியே."

"எங்கம்மாவுக்குக் கையில ஒரே ஒரு பித்தள வளையல். தோட்டத்துல பாதிப் பேருக்கு வேல இல்லாத காலம் அது. அவங்க பங்குச் சோத்த அக்காவுக்கும் எனக்கும் போட்டுட்டு, நான் அப்பவே சாப்பிட்டேன்னு சொல்லுவாங்க. எனக்கு என்னா தெரியும்? அந்த வளையல மணிக்கட்டுலருந்து முழங்கை வரைக்கும் தள்ளி, முழங்கையிலருந்து கீழ விட்டு, வண்டி மாதிரி ஓட்டி வெளையாடுவேன். அம்மா சிரிச்சுக்கிட்டே கையக் காட்டிக்கிட்டு இருப்பாங்க. ஒருநாளு அது முழங்கையத் தாண்டி மேல போச்சு. எனக்கு ஒரே சந்தோசம். அந்த மாசமே போயிட்டாங்க."

என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. நீங்கள் அழுதீர்களா? கண்ணாடியில் வழிந்த நீரின் நிழல்தானா அது? நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நீங்கள் அழுகையை நிறுத்தியிருப்பீர்கள்.

"அவங்க பசியில மெலிஞ்சாங்க" என்றேன். "நான் பசிச்சாச் சாப்பிடுறேங்க. வேண்டாதத மட்டுந்தான் விடுறேன். நான் சாகுறதுக்கு மெலியல. மேக்கணக்குக்கு ஏறுறதுக்கு மெலியிறேன்."

நீங்கள் லொறியை எடுத்தீர்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெக்டரிக்குக் கூட்டிப்போய், தேயிலைப் பெட்டி நிறுக்கிற தராசில் ஏறி நிற்கச் சொன்னீர்கள். வாடிய கொழுந்தின் வாசம் கண்ணைச் சொருக வைத்தது. முள் நிற்கும் வரைக்கும் நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். நின்ற இடத்தைப் பார்த்ததும் உங்கள் முகத்தில் ஒரு வெளிச்சம். "இன்னும் நெறைய இருக்கே நீ!" என்றீர்கள். எந்தப் புருசனாவது பொண்டாட்டியிடம் இப்படிச் சொல்லிச் சந்தோசப்படுவானா? பெட்டிகளுக்கு நடுவே நின்று இரண்டு பேரும் சிரித்தோம்.

அதற்குப் பிறகு விடியற்காலையில் எனக்குப் பின்னால் ஒரு செருப்புச் சத்தம் வர ஆரம்பித்தது. "சிறுத்தை கிறுத்தை நிக்கும், அதான் வந்தேன்" என்றீர்கள். உங்களுக்கும் மூச்சு வாங்கியது. முதல் வளைவு, அப்புறம் பெரிய கல், அப்புறம் கோயிலடி. பனிக்குள் நீங்கள் சிலசமயம் காணாமல் போவீர்கள். நான் நின்று "என்னங்க" என்பேன். "ம்" என்று சத்தம் வரும். அவ்வளவுதான் பேசுவோம். என் வாழ்க்கையில் அதைவிட நிறைந்த பேச்சை நான் பேசியதில்லை. மதினி மட்டும் மாறவில்லை. "ரெண்டும் லூசாயிருச்சு" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பனிஸ் பொட்டலமும் அடியோடு நிற்கவில்லை. ஆனால் அதைப் பாதியாகப் பிட்டுக்கொடுக்கப் பழகியிருந்தீர்கள்.

வேலம்மாவின் அடுத்த பிரசவத்துக்கு நீங்களும் கூட வந்தீர்கள். மழை இரைந்து பெய்தது. இந்தத் தடவை பிள்ளையின் கால் முன்னால் வந்துகொண்டிருந்தது. கொஞ்சம் பிந்தியிருந்தால் என்ன ஆகியிருக்குமென்று நினைக்கவே பயம். நான் முட்டி போட்டு உட்கார்ந்தேன். காலைப் பிடித்து மெல்ல இறக்கினேன். நீலம் பாய்ந்து வந்த பயலை முதுகில் தட்டி, வாயைத் துடைத்து, தலைகீழாகப் பிடித்தேன். அப்புறம் அவன் கத்தினான் பாருங்கள்!

வெளியே வந்தேன். நீங்கள் கூரைச் சரிவுக்குக் கீழே பாதி நனைந்து நின்றீர்கள். பிள்ளை ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"நீ மூச்சு வாங்கலியே பாக்கியம்" என்றீர்கள்.

அதைவிடப் பெரிய பரிசு எனக்கு யாரும் தந்ததில்லை.

உங்கள் நெஞ்சுதான் தாங்காது என்று அப்போது யாருக்குத் தெரியும்? பெக்டரிக்கு முன்னால் லொறியை ஒழுங்காக நிறுத்தி, இறங்கி, படியில் உட்கார்ந்து, "நெஞ்சு என்னமோ பண்ணுது" என்றீர்களாம். டிக்கோயா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணைத் திறந்தபோது கேட்டது ஒரே ஒரு கேள்வி. "சாப்பிட்டியா?" சாப்பிட்டேன் என்றேன். அது பொய். தெரிந்துதான் கண்ணை மூடினீர்களா?

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. விரதத்துக்காகவும் இல்லை, டாக்டரய்யா சொன்னதற்காகவும் இல்லை. மண்ணைத் தின்பது மாதிரி இருந்தது. ரவிக்கை தோளில் நிற்கவில்லை. ஊரெல்லாம் மெலிந்துவிட்டாய் என்றது. கேட்க எனக்கு ஆசையாக இருந்த சொல், வேண்டாத நேரத்தில் வந்தது. ஒரு நாள் மத்தியானம் மதினி தட்டில் சோறு போட்டுவந்து என் முன்னால் உட்கார்ந்தார்கள். அகப்பை நிறையப் போடவில்லை. நான் எவ்வளவு போட்டுக்கொள்வேனோ அவ்வளவுதான் இருந்தது.

"எங்கம்மாவ நானும் பாத்தவதான்" என்றார்கள். "தம்பிக்கு வெவரம் தெரியாத வயசு. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அவங்க பங்கயும் சேத்துத் தின்னேன். பசி அப்படி. இன்னொருத்தி என் கண்ணு முன்னால காயக் கூடாது. தின்னுடி."

அத்தனை வருடமாக என் தட்டில் விழுந்த ஒவ்வொரு அகப்பையும் என்னவென்று அன்றைக்குத்தான் புரிந்தது. நான் தின்றேன். அவர்களும் என் தட்டிலேயே கை வைத்துத் தின்றார்கள்.

இங்கே இப்போது எங்கு பார்த்தாலும் ஒரே பேச்சு. இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்தில் யாரை இந்தியாவுக்கு அனுப்புவார்கள், யாரை இங்கே இலங்கையிலேயே விடுவார்கள் என்று கடைத்தெருவில் முடிவில்லாமல் பேசுகிறார்கள். வேலம்மா குடும்பத்துக்கு என்ன ஆகுமோ தெரியவில்லை. நான் பிடித்து இறக்கிய பிள்ளைகளெல்லாம் எந்த மண்ணில் நடக்கப் போகிறார்கள்? எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கு அங்கிருந்து தெரிகிறதா?

இன்னொரு சேதி. மதினிக்குக் கால் வீங்குகிறது. டாக்டரய்யா எனக்குச் சொன்னதையே அவர்களுக்கும் சொல்லியிருக்கிறார். என்னிடம் மறைத்துவைத்திருந்தார்கள். இன்றைக்கு நான் மேக்கணக்கிலிருந்து வந்து காலைக் கழுவும்போது, உங்கள் பழைய குடையை எடுத்து விரித்துப் பார்த்து, மடக்கி, மறுபடி விரித்தார்கள்.

"நாளைக்கு நானும் கொஞ்ச தூரம் வரட்டுமா? அந்த மொத வளைவு வரைக்கும். யாருகிட்டயும் சொல்லிராத" என்றார்கள்.

சிரிக்கவில்லை நான். சிரிக்கவே மாட்டேன். கூட்டிப்போகிறேனுங்க. அவர்கள் நிற்கிற இடத்தில் நானும் நிற்பேன், அவர்கள் உட்கார்ந்தால் நானும் உட்காருவேன். கிளம்பும் முன் இரண்டு பேரும் வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொள்வோம். உங்கள் அக்காவைப் பனியில் தனியாக விட மாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

என்றும்,
உங்கள் வீட்டுக்காரி
பாக்கியம்