தட்டு வீசுகிற பெண்ணுக்குச் சொன்னது

கும்மிடிப்பூண்டி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மோனிகாவுக்கு ஜோஷ்வா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நான் சுகம். உன்னையும் அவர் அப்படியே வைத்திருப்பார் என்று நம்புகிறேன். போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, அதனால் பேனாவை எடுத்தேன். என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பார்த்தாயிற்று. பக்கத்து வீட்டு முத்தம்மா அக்கா தினமும் குழம்பு கொடுத்தனுப்புகிறார். ரோலிங் மில்லில் இந்த வாரம் பகல் ஷிப்ட். அந்த அனலில் வெளியே மழை பெய்தாலும் தெரிவதில்லை. உன் மணி பிளாண்ட் செத்துவிட்டது, என்மேல் பழி போடாதே.

போன வாரம் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். டிரெயினிங் முடிந்ததும் திருவள்ளூர் ஹோமிலேயே தங்கி ஆதரவில்லாத அந்தப் பெண்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள், மாதத்துக்கு நாலு நாள்தான் வீடு, இருக்கட்டுமா வந்துவிடட்டுமா என்று கேட்டாய். எனக்கு வயிறு எரிந்தது. வேறு ஆம்பிளைமேல் பொறாமை என்றாலாவது நாலு பேரிடம் சொல்லி அழலாம். ஹோமில் கத்தித் தட்டை வீசுகிறாள் என்று நீ சொன்ன ஒரு சின்னப் பெண்மேல் பொறாமை என்றால் காறித் துப்புவார்கள். அவள் பேரைக்கூட நீ சொல்லவில்லை, வெளியாட்களிடம் சொல்லக்கூடாதாம். நான் வெளியாள் ஆகிவிட்டேன். போகட்டும், தட்டு வீசுகிறவள் என்று நானே அவளுக்குப் பேர் வைத்துக்கொண்டேன்.

டிரெயினிங் தொடங்கின புதிதில் லீவில் வந்து என்னை வைத்து நடித்துப் பழகினாயே, ஞாபகம் இருக்கிறதா? நான்தான் அவளாம். கத்தணுமாம், தட்டை வீசணுமாம். நானும் குஷியாகக் கத்தி, எவர்சில்வர் தட்டைச் சுவரில் அடித்தேன். நீ கிட்டே வரவில்லை. அதட்டவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்து, "நான் இங்கதான் கீறேன். நீ ஒண்ணும் பேசவாணாம்" என்றாய். அப்புறம் சும்மா இருந்தாய். இத்தனை வருஷத்தில் உன்னிடம் அப்படி ஒரு குரல் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. போன வருஷம் மில்லில் என்கூட வேலை பார்த்த சரவணன் கை மெஷினில் போனதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வந்து, சோறு இறங்காமல் கிடந்தேனே. அப்போது நீ, "சாப்டுய்யா, எல்லாம் செரியாப்பூடும், நீயே இப்டி குந்திக்கினா எப்டி" என்றாய். குறை சொல்லவில்லை, உனக்கு அன்றைக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் இப்போது கற்றுக்கொண்டதை யாருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறாய்? நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது, "ஐய, இன்னாமா நடிக்கிற!" என்று என் முதுகில் தட்டினாய். நானும் சிரித்து வைத்தேன்.

மறுநாள் குழம்பில் உப்பில்லை என்று நிஜமாகவே தட்டை வீசினேனே, அது உப்புக்காக இல்லை. அந்தக் குரல் இன்னொரு தடவை வருமா என்றுதான். நீயோ, "கொழுப்பா? நீயே பொறுக்கு, நீயே தொடை" என்றாய். பொறுக்கினேன், துடைத்தேன்.

நேற்று லீவு போட்டுவிட்டு, சென்ட்ரலில் ரயில் மாறித் திருவள்ளூர் வந்தேன். நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு கொடுக்க வந்ததாகத்தான் வாட்ச்மேனிடம் சொன்னேன். உண்மையில் உன்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தேன். கேட்டில் நிற்கும்போதே உள்ளே ஒரு பெண் அலறினாள், என்னவோ விழுந்து உடைந்தது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. ஒரு பெண் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள் என்றார் வாட்ச்மேன். தட்டு வீசுகிறவள்தான் என்று நினைத்துக்கொண்டேன். "மோனிகாம்மா கதவாண்டயே குந்திக்கினு கீறாங்க சார். நாஷ்டா கூட துன்னல" என்றார். பார்க்கிற நேரம் முடியும்வரை நின்றேன், நீ வரவில்லை. தொக்குப் பாட்டிலை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து, கதவைத் திறந்தாளா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றார்.

ரயிலில் மீஞ்சூர் தாண்டும் வரைக்கும் உன்னைத் திட்டிக்கொண்டேதான் வந்தேன். அதற்கப்புறம் வேறொன்று தோன்றியது. நான் கொஞ்சம் முன்னாலேயே வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால், நேற்று அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருப்பார்கள்?

அதனால் இரு மோனி. அங்கேயே இரு. வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். பொறாமை போய்விட்டது என்று மட்டும் நினைக்காதே, இதை எழுதும்போதும் எரிகிறது. அவள் கதவைத் திறந்தாளா? பேர் வேண்டாம், அதை மட்டும் சொல்லு. வேளைக்குச் சாப்பிடு. கர்த்தர் உனக்குப் பெலன் கொடுப்பாராக, அவளுக்கும்.

அடுத்த முறை நீ போன் பண்ணும்போது நான் ஒன்றும் பேசாமல் இருந்தால், லைன் கட்டாயிடுச்சா என்று கத்தாதே. அவளுக்குச் சொல்வதை எனக்கும் ஒரு தடவை சொல்லு. அன்றைக்கு நான் நடிக்கவில்லை.

உன்
ஜோஷ்வா