இரண்டு பேருக்கு ஒரு துடுப்பு

அக்கா,

புவாண்ட்-கிளேரில் நாங்கள் முன்பு படகு வாங்கிய அந்தக் கடைக்குள் கால் வைத்ததும் புது ரப்பர் மணம் அடித்தது. உங்கள் மகள் ரம்யா ஒரு பையின் சிப்பை இழுத்துத் திறந்து, உள்ளே மடித்து வைத்திருந்த காற்றுப் படகின் ஒரு ஓரத்தை வெளியே எடுத்தாள். உங்கள் வீட்டு வரவேற்பறையில் ஒரு பனிக்காலம் முழுக்க இந்த மணம்தான் இருந்தது. நீங்கள் கறிவேப்பிலை தாளித்தாலும் அதற்கு மேலால் இதுதான் மணக்கும்.

வீட்டை ஒழிக்கவென்று வந்திருக்கிறாள். அரிசோனாவில் அவளுடைய கராஜுக்குள் கிடந்த பழைய படகு வெக்கையில் பசை விட்டுப் பிரிந்துபோயிற்றாம். "புதுசு ஒண்ணு வாங்கணும் ஆன்ட்டி. அக்டோபர்ல போலாம், நீங்களும் வாங்க" என்றாள். அங்கே இல்லாத கடையா என்று கேட்டேன். "அங்க நீங்க இல்லையே" என்றாள். உங்களுக்கு அப்படிச் சொல்லத் தெரியாது.

நாங்கள் மொன்றியலில், பியர்பொன்ட்ஸில் ஒரே தெரு. நீங்கள் கல்லைப் பற்றிப் படித்து, கல்லைப் பற்றியே பல்கலைக்கழகத்தில் படிப்பித்து ஓய்வெடுத்தவர். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போகாமல் மறிக்கப்பட்டவள். மறித்தவரின் பெயரை இன்றைக்கும் என் வாயால் சொல்வதில்லை. டவுன்டவுனில் ஒரு ஹோட்டலில் இருபது வருடம் படுக்கை விரிப்புத் தோய்த்தேன். இருவருக்கும் புருஷன்மார் போய்விட்டார்கள். காலையில் நடக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. அப்படித்தான் பழக்கம்.

அப்படி நடக்கும்போதுதான் ஒரு நாள் சொன்னீர்கள்: "பாலைவனத்துல ஒரு ஏரி இருக்கு, பூமணி. ஆத்தை அணை போட்டுத் தேக்கினது. தண்ணி கிளை கிளையாப் பிரிஞ்சு செம்பாறைக்குள்ள போகுது. சில இடத்துல ரெண்டு கையையும் நீட்டினா ரெண்டு பக்கமும் சுவரைத் தொடலாம். நடந்து போக முடியாது. சின்னப் படகுலதான் போகணும். நாம போறோம்."

வாறீர்களா என்று கேட்கவில்லை. நாம போறோம் என்றீர்கள். அந்த 'நாம'வை நான் நம்பினேன்.

பிறகு படகு தெரிவு செய்யும் வேலை. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தவர்கள்கூட அவ்வளவு பார்த்திருக்க மாட்டார்கள். கட்டிப் பிளாஸ்டிக் படகு பாறையில் உரசினாலும் பயமில்லை, ஆனால் பிளேனில் ஏற்ற முடியாது, ரம்யாவின் காரிலும் நிற்காது. காலை உள்ளே விட்டு, இடுப்புவரை மூடி இருக்கிற வகை எங்களுடைய குளிருக்குச் சரி. அந்த வெயிலில் அதற்குள் இருந்தால் புட்டுப்பானைதான் என்று நான் சொன்னேன். நீங்கள் சிரித்துவிட்டு, அதைத் தள்ளிவிட்டீர்கள். நீளமான படகு அகன்ற தண்ணீரில் நேரே போகும், ஒடுங்கின பாறைச் சந்துக்குள் திரும்பாது. கட்டையானது திரும்பும், காற்றில் அலையும். கடைசியில் காற்று அடிக்கிற வகைக்கு வந்தீர்கள்.

"முள்ளுக் குத்தினால்?" என்றேன்.

"காத்து அறை மூணு தனித்தனியா இருக்கு. ஒண்ணு போனாலும் மத்தது தாங்கும்."

"மூண்டிலயும் குத்தினால்?"

"அப்ப நாம பாலைவனத்துல முழுகிச் செத்த முதல் தமிழ்ப் பொம்பளைங்க. ஊரே பேசும்."

அடித்துணி தடிப்பாக இருக்க வேண்டும். கறுப்பு நிறம் வேண்டாம், வெயிலில் தொடை வெந்துவிடும். நேரே போக அடியில் மீன் செட்டை மாதிரி ஒன்று இருக்கும், தண்ணீர் வற்றின இடத்தில் சேற்றில் சிக்காமல் அதைக் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். குடிக்கிற தண்ணீரையும் சேர்த்து எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்க்க வேண்டும். அதற்காக என் நிறையைக் கேட்டீர்கள். முதல் உங்களுடையதைச் சொல்லுங்கோ என்றேன். கடைசிவரை இருவரும் சொல்லவில்லை. மூன்று பேரைத் தாங்கும் படகாகப் பார்த்துவிட்டோம்.

கடைக்கு உங்களோடு நான்தான் வந்தேன். விற்ற பெடியனுக்குப் பிரெஞ்சுதான் வாயில் வந்தது. நாற்பது வருடம் இந்த ஊரில் இருந்தும் உங்களுக்கு அது வராது. எனக்குச் சலவைப் பகுதியில் ஏச்சு வாங்கி வாங்கி வந்த பிரெஞ்சு. நீங்கள் கேட்பதை நான் அவனிடம் கேட்டேன். அவன் சொல்வதை உங்களிடம் சொன்னேன். எல்லாம் முடிந்து, துடுப்பு எத்தனை என்று கேட்டான். உங்களிடம் சொன்னேன்.

"ஒண்ணு போதும்" என்றீர்கள்.

படகில் இரண்டு இருக்கை. அவன் என்னைப் பார்த்தான். ஒன்று போதும் என்று நானே, என் வாயாலேயே அவனுக்குச் சொன்னேன். மாறி மாறி வலிக்கலாம் என்று நினைத்திருப்பீர்கள் என்று பஸ்ஸில் வரும்போது எனக்கு நானே சமாதானம் சொன்னேன்.

அரிசோனாவுக்குப் போனோம். ஏரிக்கரையில் ரம்யா எங்களை இறக்கிவிட்டாள். நீங்கள் பின் இருக்கையில் துடுப்போடு ஏறினீர்கள். எனக்கு முன் இருக்கை. "நீங்க சும்மா உக்காந்து வேடிக்கை பாருங்க, நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். அந்தச் சமாதானமும் அதோடு முடிந்தது.

பாறைச் சந்துக்குள் போனது நல்லதுதான். இல்லையென்று சொல்ல மாட்டேன். தண்ணீர் பச்சையாக, அசையாமல் கிடந்தது. நீங்கள் படகை நிறுத்தி, சுவரில் கையை வைத்து, "இது மணல், பூமணி. காத்து குவிச்ச மணல். மேடு மேல மேடா, எத்தனையோ காலம்" என்றீர்கள். நானும் தொட்டேன். கையில் தூள் ஒட்டியது. உங்கள் குரல் எதிர்ச்சுவரில் பட்டு எனக்கு முன்னாலிருந்து திரும்ப வந்தது. அந்தக் குரலில் அழுகை கலந்திருந்ததா என்று திரும்பிப் பார்க்க எனக்கு விருப்பம். ஆடினால் கவிழும் என்று நீங்கள் சொல்லியிருந்தபடியால் பார்க்கவில்லை.

மத்தியானம் திரும்பி அகன்ற தண்ணீருக்கு வந்தபோது காற்று முகத்துக்கு நேரே அடித்தது. காற்று அடைத்த படகு, பொலித்தீன் பை மாதிரிப் பறந்தது. நீங்கள் வலித்தீர்கள், வலித்தீர்கள். கரையில் இருந்த ஒரு வெள்ளைப் பாறை எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. உங்கள் தோள்மூட்டு பிடித்துக்கொண்டது, மூச்சு வாங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. நான் திரும்பாமல் கையை மட்டும் பின்னால் நீட்டினேன்.

"தாங்கோ."

"உங்களுக்குத் தெரியாது பூமணி."

"தெரிஞ்ச நீங்கள் வலிச்சும் பின்னாலதானே போறம். தாங்கோ இஞ்ச."

தந்தீர்கள். எனக்கு வலிக்கத் தெரியாதுதான். படகு பாம்பு போல நெளிந்தது. பாதித் தண்ணீர் உங்கள் மேல்தான் விழுந்தது. நீங்கள் பின்னாலிருந்து "இடது, இடது, இப்ப வலது" என்று சொல்லிக்கொண்டு வந்தீர்கள். நான் நனைந்த விரிப்பைத் தொட்டியிலிருந்து இழுக்கிற மாதிரி இழுத்தேன். வெள்ளைப் பாறை மெல்ல மெல்லப் பின்னால் போயிற்று.

கடைசி வளைவுக்குள் வந்ததும் காற்று விழுந்துவிட்டது. அப்போது, "குடுங்க, பாவம், உங்களுக்குக் கை நோகும்" என்று துடுப்பைத் திரும்ப வாங்கினீர்கள். வளைவைத் தாண்டினால் ரம்யா நிற்பாள் என்று உங்களுக்குத் தெரியும். அவள் பார்த்தது நீங்கள் வலித்துக்கொண்டு வருவதையும், நான் முன்னால் பொம்மை போல இருப்பதையும்தான். "பயந்துட்டேம்மா, காத்து இப்படி அடிக்குதே" என்றாள். "காத்துதான் எங்களைத் தள்ளிக்கிட்டு வந்து சேத்துடுச்சு" என்றீர்கள். எனக்கு முன்னாலேயே சொன்னீர்கள். எதிர்க்காற்று அக்கா அது.

மொன்றியலுக்கு வந்து, உங்கள் கொலுவுக்கு வந்த பெண்களுக்கும் அப்படித்தான் சொன்னீர்கள். "பூமணியை ஏத்திக்கிட்டு ஒரு சுத்து சுத்திட்டு வந்தேன்." நான் சுண்டல் தட்டோடு அங்கேதான் இருந்தேன். எல்லோரும் என்னைப் பார்த்து, அதிர்ஷ்டக்காரி என்றார்கள்.

முழங்கால் நோகிறதென்று சொல்லி நடக்க வருவதை நிறுத்தினேன். நீங்கள் வற்றல் குழம்பு கொண்டுவந்து தந்தீர்கள். சாப்பிட்டேன். பாத்திரத்தைக் கழுவி வெறுமையாகத் திருப்பித் தந்தேன். ஒரு பிடி சீனியாவது போடாமல் பாத்திரம் திரும்பி வந்தால் என்ன அர்த்தமென்று உங்கள் ஊரிலும் தெரியும். மூடியைத் திறந்து பார்த்தீர்கள். திரும்ப மூடினீர்கள். பனி கரைந்ததும் வாசலில் வந்து நின்று, "வாங்க, போலாம்" என்றீர்கள். போனேன். அதன் பிறகு எவ்வளவோ கதைத்தோம், அந்த மத்தியானத்தைத் தவிர. இந்த மாசியில், உங்கள் கடைசி நாட்களில், ஆஸ்பத்திரிக் கட்டிலருகே இருந்தபோதும் அதைச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். வாசலில் பனி யார் அள்ளுகிறார்கள் என்று கேட்டீர்கள். நான்தான் என்றேன்.

இப்போது ரம்யாவுக்கு நான் படகு தெரிவு செய்து கொடுக்கிறேன். கறுப்பு வேண்டாம் என்றேன். தனித்தனி அறை இருக்கிறதா பார் என்றேன். செட்டை கழற்றக்கூடியதா என்று கேட்டேன். எல்லாம் உங்கள் வாயிலிருந்து வந்தவை. அவளும், "அம்மா மாதிரியே பேசறீங்க" என்றாள். பிறகு, "எதிர்க்காத்துக்கு இது தாங்குமா ஆன்ட்டி? அன்னிக்கு மாதிரி ஆயிட்டா?" என்றாள்.

"அண்டைக்கு என்ன?"

"அம்மா அன்னிக்குச் சாயங்காலமே சொன்னாங்களே. தோள் பிடிச்சுக்கிச்சாம். பூமணி இல்லேன்னா நான் அந்தப் பாறைகிட்டயே கிடந்திருப்பேன்னு சொன்னாங்க. உங்ககிட்ட சொல்லலையா?"

"இல்லைப் பிள்ளை."

"சொல்ல மாட்டாங்க. அம்மாவாச்சே" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

படகு எடுத்தாயிற்று. வெளிர்ச் சாம்பல் நிறம், இரண்டு இருக்கை, ஆளுக்கொரு துடுப்பு. பின் இருக்கை எனக்கு என்று சொன்னேன். சரி என்றாள், யோசிக்கவே இல்லை. இவ்வளவு இலேசான விஷயம் அக்கா இது.

நீங்கள் சொல்லவில்லை என்ற கோபத்தை இத்தனை வருடம் வைத்திருந்தேன். இப்போது பார்த்தால், அன்றைக்கே சொல்லியிருக்கிறீர்கள், எனக்குத்தான் சொல்லவில்லை. இது அதைவிடப் பெரிய கோபம். இதைக் கேட்க ஆளும் இல்லை.

காலையில் நடக்கும்போது அந்த வசனத்தை உங்கள் குரலில் சொல்லிப் பார்க்கிறேன். பூமணி இல்லேன்னா. உங்கள் பேச்சு என் வாய்க்கு வருவதில்லை. ரம்யாவின் குரலில்தான் கேட்கிறது. உங்கள் வீட்டைக் கடக்கும்வரை சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகு விட்டுவிடுகிறேன். அடுத்த நாள் திரும்பவும் சொல்லிப் பார்க்கிறேன்.