வெம்பக்கோட்டை ரோட்டில் முதல் பெயர்

சிவகாசி
26.08.2025

அன்புள்ள நேசகுமாருக்கு,

பெத்தணன் எழுதுவது. நானும் உன் மதினி பாண்டிமீனாவும் நலம். காலண்டர் சீசன். கடையில் பேப்பர் வந்து இறங்க இறங்க அச்சகத்துக்காரர்கள் தூக்கிக்கொண்டு போகிறார்கள். நிற்க.

போனில் கேட்டால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். வாட்ஸ்அப்பில் கேட்டால் சாயங்காலத்துக்குள் நம் சைக்கிள் குரூப்பில் அத்தனை பேரும் வாசித்துவிடுவார்கள். அதனால்தான் காகிதம். விருதுநகருக்கு லோடு கொண்டுவரும் டிரைவர் சங்கிலிமுத்துவிடம் கொடுத்துவிடுகிறேன். ஒட்டித்தான் அனுப்பியிருக்கிறேன். பிரித்திருந்தால் சொல்.

விஷயத்துக்கு வருகிறேன். வெம்பக்கோட்டையிலிருந்து தாயில்பட்டி வரைக்குமான துண்டு ரோட்டில், இரண்டு வருஷமாக, சைக்கிள் ஓட்டத்துக்கு நேரம் குறிக்கிற ஆப்பில் முதல் பெயர் என் பெயர். பக்கத்தில் கிரீடப் படம் இருக்கும். கடை, வீடு, கார் எல்லாம் வியாபாரத்தில் வந்தது. இந்த ஒன்றுதான் என் காலால் வந்தது. போன வியாழக்கிழமை ஆப் எனக்குச் செய்தி அனுப்புகிறது, உங்கள் சாதனையை நேசகுமார் முறியடித்துவிட்டார் என்று. ஒரு நொடி, இரண்டு நொடியில் என்றால்கூடப் பரவாயில்லை. அரை நிமிஷத்துக்கு மேல்!

நீயா? மேம்பாலத்தில் பாதி ஏறும் முன்னே "ஏலே, நில்லுலே" என்று மூச்சு வாங்குகிற ஆளா?

மதுரையில் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே மாடல் இரும்பு கியர் சைக்கிள் வாங்கினோம். எதற்கு? வண்டி ஒன்று, எடை ஒன்று, வித்தியாசம் காலில்தான் தெரிய வேண்டும் என்று. உன் மருமகன் சிங்கப்பூரிலிருந்து எடையே இல்லாத கார்பன் சைக்கிள் கொண்டுவந்து கொடுத்ததாகக் கேள்வி. அதில்தானே போனாய்? ஆப்பில் வண்டிப் பெயர் போடுகிற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறாய். நான் வியாபாரி. பில்லில் எந்த இடம் காலியாக இருக்கிறதோ அங்கேதான் முதலில் விரலை வைப்பேன்.

ஆப்பில் புகார் பட்டன் இருக்கிறது. அழுத்தினால் உன் ஓட்டம் பட்டியலிலிருந்து போய்விடும். குரூப்பில் உன் பெயரும் நாறிவிடும். இன்னும் அழுத்தவில்லை. உன் பதிலைப் பார்த்துத்தான்.

தங்கச்சி கிருபாவைக் கேட்டதாகச் சொல்.

உன்,
பெத்தணன்


விருதுநகர்
29.08.2025

பிரியமுள்ள பெத்தணா,

ஆண்டவர் தயவில் நானும் கிருபாவும் சுகம். உறையை யாரும் பிரிக்கவில்லை. நீ செல்லோடேப் சுற்றியிருந்த சுற்றுக்கு எனக்கே கத்தரிக்கோல் தேவைப்பட்டது.

ஆமாம், கார்பன் சைக்கிளில்தான் போனேன். ஒளிக்கவில்லை. வண்டிப் பெயரை எப்படி ஏற்றுவது என்று தெரியவில்லை, மருமகனிடம் கேட்க வெட்கமாக இருந்தது. கைப்பிடியில் முன்னால் நீட்டின கம்பியும் உண்டு. அதில் முழங்கையை ஊன்றிக் குனிந்தால் காற்று முதுகுக்கு மேலே போய்விடுகிறது. அதையும் உன் புகாரில் சேர்த்துக்கொள்.

ஆனால் இரும்பு சைக்கிளில்தான் ஓட்ட வேண்டும் என்று சட்டம் எங்கே இருக்கிறது? மதுரையில் நீ பேசினாய், நான் டீ குடித்தேன். அவ்வளவுதான் நடந்தது.

சரி, உன் சாதனை எந்த மாதம்? ஆடி. மேல்காற்று மரத்தைச் சாய்க்கிற நாளாகப் பார்த்து, காரில் சைக்கிளை ஏற்றி வெம்பக்கோட்டையில் போய் இறங்கி, காற்று தள்ளிவிடத் தாயில்பட்டிக்கு வந்தாய். திரும்பி எதிர்காற்றில் மிதிக்க வேண்டாம் என்று மதினி காரோடு அங்கே நின்றார்கள். அன்றைக்கு நான் எந்தப் பட்டனையாவது தேடினேனா?

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் ஆண்டவருக்கு நன்றி சொல்லி வீட்டில் ஸ்தோத்திர ஜெபம். கிருபா பிடிவாதமாக வைக்கிறாள். நீயும் மதினியும் வாங்க. வண்டியையும் கண்ணாலே பார்த்துக்கொள்.

அன்புடன்,
நேசகுமார்


சிவகாசி
02.09.2025

நேசகுமார்,

காற்று எல்லாருக்கும் பொது. கடையில் கிடைக்காது. நாள் பார்த்துப் போவது சாமர்த்தியம். கார்பன் சைக்கிள் அப்படியா? நம் குரூப்பில் பாதிப் பேருக்கு சிங்கப்பூரில் மருமகன் கிடையாது.

சரி, கார்பனுக்கென்று கொஞ்சம் கழித்துக்கொள்கிறேன். அப்படியும் இடிக்கிறது. உன் ஓட்டத்தைத் திறந்து பார்த்தேன். நெஞ்சில் கட்டுகிற பட்டை உன் இதயத் துடிப்பையும் சேர்த்து ஆப்பில் ஏற்றிவிடுகிறது, தெரியுமா? அந்த வேகத்தில் போகிறவனுக்கு நெஞ்சு திடுதிடுவென்று அடிக்க வேண்டும். உனக்கோ காய்கறி வாங்க நடந்து போகிறவன் துடிப்பு. நீ உழைக்கவில்லை என்றால் வேறு எதுவோ உழைத்திருக்கிறது.

பட்டாசுக் கம்பெனி வேன் ஆள் ஏற்றிப் போகிற நேரம் அது. வேன் முதுகில் ஒட்டிக்கொண்டு, காற்றுப் படாமல் போயிருப்பாய் என்று நினைத்தேன். டிரைவர் ஊர்க்காவலனைப் பிடித்துக் கேட்டேன். "சாரு என் பின்னால வரல அண்ணாச்சி. வேகத்தடையில என்னைத் தாண்டிப் போயிட்டாகல்லா! உள்ள இருந்த பொம்பளைக எல்லாம் கைதட்டுனாக" என்கிறான்.

அப்படியானால் மோட்டார்தான். சீட்டுக்குக் கீழே குழாய்க்குள் ஒளித்துவைக்கிற மோட்டார் உண்டாம். வீடியோவில் பார்த்தேன்.

ஸ்தோத்திரம் எதற்கு என்று நீ எழுதவில்லையே? உன் மகள் ஜெபிஷாவுக்குப் பிள்ளை பிறந்தது போன வருஷம். வீடு கட்டியது அதற்கும் முன்னால். உன் மதினிக்கு வேலை இருக்கிறது. நான் மட்டும் வருகிறேன்.

பெத்தணன்


விருதுநகர்
09.09.2025

பெத்தணனுக்கு,

ஜெபத்துக்கு வந்தாய், நன்றி. பாஸ்டர் "கண்களை மூடுவோம்" என்றதும் நீ எழுந்து வெளியே போனாய். போன் வந்திருக்கும் என்று நினைத்தேன். முடிந்ததும் சாப்பிடக்கூட நிற்காமல் கிளம்பிவிட்டாய்.

தண்ணீர் எடுக்கப் போன கிருபா அடுப்படி ஜன்னல் வழியாக உன்னைப் பார்த்திருக்கிறாள். எல்லாரும் போன பிறகு என்னிடம் கேட்டாள். "அண்ணன் உங்க சைக்கிள் சீட்டைப் பிடுங்கி வச்சுக்கிட்டு, குழாய்க்குள்ள டார்ச் அடிச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தாக. என்னத்தத் தொலைச்சாக?"

நான் என்ன சொல்ல? மோட்டார் இருந்ததா, பெத்தணா?

நீ உள்ளே உட்கார்ந்திருந்தால் பாஸ்டர் எதற்கு ஸ்தோத்திரம் சொன்னார் என்று கேட்டிருப்பாய். மே மாதம் சிங்கப்பூரில் மகள் வீட்டுக்குப் போவதாகச் சொன்னேன். போகவில்லை. மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். இதயத்தில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். நெஞ்சு வேகமாக அடிக்காமல் இருக்க தினமும் மாத்திரை. நீ ஆப்பில் கண்டுபிடித்தாயே, அது அந்த மாத்திரையின் துடிப்பு.

உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் என் சைக்கிளைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோய்விடுவாய். ஞாயிற்றுக்கிழமைகளில் குரூப்பே எனக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் மாதிரி வரும்.

மெதுவாக ஓட்டலாம், வேகம் இனி என்றைக்குமே கூடாது என்றார் டாக்டர். அதைக் கேட்டதிலிருந்து, ஒரே ஒரு தடவை உன் பெயருக்கு மேலே என் பெயரைப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. இரும்பு சைக்கிளில் ஆகாது என்று தெரியும். அதனால்தான் கார்பன். நியாயமாகப் பார்த்தால் ஓடியது வண்டிதான், நான் மேலே குனிந்து படுத்திருந்தேன். கிருபாவுக்கு இந்த ஓட்டம் தெரிந்த அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியவில்லை.

அந்த ஓட்டத்தை அழித்துவிட்டேன். கிரீடம் உன்னிடம் வந்திருக்கும்.

நேசகுமார்


சிவகாசி
16.09.2025

அன்புள்ள நேசா,

மோட்டார் இல்லை.

உன் கடிதத்தை மீனாவும் வாசித்தாள். "அவுக வீட்டுக்கு ஜெபத்துக்குப் போய், அவுக வண்டியையே கழட்டிப் பார்த்தீகளா? சாப்பிடாம வந்தது இதுக்குத்தானா?" என்றாள். அதற்கப்புறம் என்னிடம் பேச்சில்லை. சோறு மட்டும் வருகிறது.

மீண்டும் நீங்களே முதலிடம், வாழ்த்துகள் என்று ஆப் செய்தி அனுப்பியது. கடையில் ஆள் இருக்கும்போது வந்தது. அச்சகம் வைத்திருக்கிற ரத்தினசாமி எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, திரும்பப் பிடிச்சிட்டீகளா!" என்று கையை நீட்டினார். கொடுக்கக் கூசியது. பண்டல் எண்ணுகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நீ கார்பனில் போனது சரி என்று இப்போதும் சொல்ல மாட்டேன். இரும்புக்கும் கார்பனுக்கும் ஒரே பட்டியல் போடுவது தப்பு. ஆனால் காற்றுக்கு நாள் பார்த்து நான் போனதும் அதே கணக்குதான். சாமர்த்தியம் என்று எழுதியது வாய்க்கு வந்ததை எழுதியது.

என் ஓட்டத்தையும் அழித்துவிட்டேன். அழித்தால் திரும்ப வராது, பரவாயில்லையா என்று ஆப் கேட்டது. என் வயதுக்கும் சர்க்கரைக்கும் அந்த வேகமும் இனி வராது. பரவாயில்லை என்று அழுத்தினேன்.

நீ மறைத்தது எனக்கு ஆறவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து பழக்கம், ஆஸ்பத்திரியில் கிடந்ததை எனக்குச் சொல்லவில்லை. சொல்லத் தோன்றாத ஆளாகத்தான் நான் இருந்திருக்கிறேன் போல.

கிருபாவிடம் நேரில் பேச வேண்டும். வரலாம் என்று நீ எழுதினால் வருகிறேன். எழுதாவிட்டால் வர மாட்டேன்.

உன்,
பெத்தணன்


விருதுநகர்
23.09.2025

பிரியமுள்ள பெத்தணா,

உன்னை எனக்குத் தெரியும். அழித்தேன் என்று எழுதிவிட்டு, என் கண்ணுக்கு மட்டும் படாமல் எங்கேயோ மறைத்து வைத்திருப்பாய் என்று சந்தேகப்பட்டேன். என் போனில் பார்த்தேன், இல்லை. நம்பவில்லை. மருமகனைப் பார்க்கச் சொன்னேன், அவனுக்கும் இல்லை. குரூப்பில் இன்னொருவர் போனையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நிஜமாகவே அழித்துவிட்டாய். அவர் போனைத் திருப்பிக் கேட்கும்வரை கொடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வா. "வரட்டும். வண்டியை நடுவீட்டுல நிறுத்திவைக்கிறேன், ஆசை தீரக் கழட்டிப் பார்க்கட்டும்" என்கிறாள் கிருபா. கோபம் தீரவில்லை. ஆனால் அண்ணனுக்கு இட்லியா, கேப்பைத் தோசையா என்றும் கேட்டாள். தோசை என்று சொல்லியிருக்கிறேன். மதினியையும் கூட்டி வா. பேசாவிட்டாலும் வருவார்கள்.

இப்போது அந்த ரோட்டில் முதல் பெயர் யார் தெரியுமா? சாத்தூர்ப் பக்கம் பிரீத்தி என்று ஒரு பெண். விசாரித்தேன். நர்ஸாம். முன்னால் கூடை வைத்த லேடீஸ் சைக்கிள்தான் வைத்திருக்கிறாளாம். அதில் அந்த வேகமா? வேலைக்கு ஸ்கூட்டரில் போகும்போது ஆப்பை அணைக்க மறந்திருப்பாள் என்பது என் எண்ணம். இல்லை, அவள் கால் அப்படி என்று மருமகன் சாதிக்கிறான். எனக்கு மனசு ஒப்பவில்லை. நீ அந்த ஓட்டத்தைத் திறந்து நன்றாகப் பார்த்துவிட்டு வா.

உன்,
நேசகுமார்